செந்நிறப் பாசியும் செந்தமிழும்

சென்ற ஆவணியிற் கோடை முற்றி, எங்கள் தர்மபுரத்துக் கிணறுகள் அடிகண்டிருந்த காலத்திலே, எங்கள் ஒழுங்கையிற் குடியிருக்கும் மூதாட்டி ஒருவரின் பேர்த்தி, பழைய பால்மாப் பேணி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். பேணியின் அடியிலே குருதி உறைந்தாற்போலச் செந்நிறப் படிவு ஒன்று ஒட்டியிருந்தது. அவர்கள் கிணற்றடியிலுள்ள சீமெந்துத் தொட்டியில் மாட்டுக்கென்று நிறைத்த நீர், பல நாள் கவனிப்பாரின்றிக் கிடந்து வற்றி, ஈற்றில் இவ்வாறு ஆயிற்றாம்.

“ஆச்சி தொட்டிப் பக்கம் போகவே பயப்பிடுறா, சேர். உது ரத்தமெண்டு சொல்லுறா. மாட்டுக்கும் அதிலை தண்ணி வைக்க விடேல்லை” என்றாள் சிறுமி.

எங்கள் ஊரிலே இரத்தம் என்பது வெறுஞ்சொல் அன்று. 2009 ஆம் ஆண்டு தை மாதத்திலே பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எங்கள் ஊர் கண்ட காட்சிகளை இங்கே விரித்துரைத்தல் வேண்டா. கண்டவர்கள் மறக்கவில்லை, காணாதவர்க்குச் சொல்லால் உணர்த்தவும் இயலாது. அம்மூதாட்டி அந்நாளில் யாரை இழந்தார் என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். தொட்டியின் அடியிலே சிவப்பைக் கண்டு அவர் நடுங்கினார் எனின், அதனை மூடநம்பிக்கை என்று கூறிச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அந்தப் பேணியை எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் படிவிலே ஒரு துளியை நீரிற் கரைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தாம் பார்த்தபின், என்னையும் பார்க்கும்படி அழைத்தார். முப்பது ஆண்டுகளாக ஏட்டையும் எழுத்தையுமே நோக்கிய என் கண்ணுக்கு அது புதுக்காட்சி. கோவையறுந்து சிதறிய பவளமணிகள்போல உருண்டை உருண்டையான செம்மணிகள் ஒளி வட்டத்தினுள்ளே கிடந்தன. “இஃது ஓர் அல்கா, பண்டிதர் ஐயா. ஈமற்றோகொக்கசு என்னும் இனம் போலத் தோன்றுகிறது. துருவ நாடுகளில் உறைபனியைச் சிவக்கச் செய்கின்ற அல்காவுக்கு இது நெருங்கிய உறவு” என்றார்.

அன்று மாலை இருவருமாக ஆச்சியிடம் சென்றோம். “ஆச்சி, உது ரத்தமில்லை. அல்கா” என்றார் விஞ்ஞான ஆசிரியர்.

ஆச்சி இன்னும் அதிகமாக அஞ்சி, “அதென்ன தம்பி, மாட்டுக்கு வாற வருத்தமோ?” என்றார்.

நான் இடைமறித்து, “பாசி, ஆச்சி. வெயிலுக்குச் சிவந்த பாசி” என்றேன்.

“பாசியோ? அப்ப உரஞ்சிக் கழுவினாச் சரிதானே!” என்று கூறிய ஆச்சி, பேர்த்தியைப் பொச்சு மட்டை எடுத்துவர அனுப்பினார். ஒரு நாழிகைக்குள் தொட்டி வெளுத்தது. மாடும் நீர் குடித்தது.

விஞ்ஞான ஆசிரியர் சொன்னதும் உண்மை. நான் சொன்னதும் உண்மை. ஆயின், ஓருண்மை அச்சத்தைப் பெருக்கியது. மற்றையது அதனை நீக்கியது. இரண்டுக்குமிடையே இருந்த வேறுபாடு ஒரு சொல்லே. அச்சொல்லைப் பற்றியும், அது குறிக்கும் பொருளை உலகம் வகைப்படுத்தி வந்த முறையைப் பற்றியும் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை. நம் பிள்ளைகளின் விஞ்ஞானக் கல்வி, அவர்கள் வீட்டு முற்றத்திலே வழங்குஞ் சொல்லிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பதே என் துணிபு.

முதலில், அந்தத் துருவத்துச் செம்பனியின் வரலாற்றைக் கேட்போம். 1818 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், யோன் றொஸ் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர், இசபெல்லா, அலெக்சாந்தர் என்னும் இரு கப்பல்களுடன் வடமேல் கடல்வழியைத் தேடிச் செல்கையில், கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையிலே மலைச்சரிவின் உறைபனி செக்கச் சிவந்து கிடக்கக் கண்டார். அவ்விடத்துக்குச் செம்பாறைகள் என்று பொருள்படும் பெயரையும் இட்டார். சிவந்த பனியைக் குப்பிகளில் அடைத்து இலண்டனுக்குக் கொண்டு வந்தபோது, அறிஞரிடையே பெரும் வழக்கு எழுந்தது. வானிலிருந்து வீழ்ந்த இரும்பினால் வந்த நிறம் என்று பத்திரிகை எழுதியது. பிரான்சு பவர் என்னும் வல்லுநர் நுணுக்குக்காட்டியால் நோக்கி, அது பங்கசு வகை என்று முடிவு செய்து, 1819 இல் ‘யூறிடோ நிவாலிசு’ என்று பெயர் சூட்டினார். றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலாரோ, அதனைப் பாசியினத்தோடு சேர்த்து எண்ணினார். பிறவுண் எண்ணியதே சரியென்பது பின்னர் உறுதியாயிற்று.

பெயர் அதனோடும் நின்றுவிடவில்லை. 1903 இல் வில்லே என்பார் அதனைக் கிளமிடோமோனசு என்னும் சாதியிற் சேர்த்துக் ‘கிளமிடோமோனசு நிவாலிசு’ என்றார். நூறாண்டுக்கு மேலாக அப்பெயரே நூல்களில் வழங்கியது. 2019 இல், செக் நாட்டு அறிஞர் புறொகாசுக்கோவாவும் அவருடன் சேர்ந்தோரும், உயிரணுவினுள்ளிருக்கும் மரபுப்பொருளை ஒப்பிட்டு நோக்கி, இது கிளமிடோமோனசு அன்று, வேறொரு தனிச் சாதி என்று நிறுவினர். குருதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘சாங்குயினா’ என்னும் பெயரைப் படைத்தனர். சிவப்பு நிறத்தது சாங்குயினா நிவலோயிடெசு. செம்மஞ்சள் நிறத்தது சாங்குயினா ஒறான்சியா. இரும்பு என்றும், பங்கசு என்றும், கிளமிடோமோனசு என்றும் இருநூறு ஆண்டுகளாக அறிஞர் திருத்தித் திருத்தி வந்த பின்னரே இப்பெயர் வந்தது. விஞ்ஞானத்திற் பெயர் என்பது கல்லில் வெட்டிய சாசனம் அன்று; அறிவு வளருந்தோறும் திருத்தப்படும் ஏடு என்பதை வாசகர் உளங்கொள்வாராக.

இந்தப் பாசியின் வாழ்க்கையோ வியப்புக்குரியது. இதன் உயிரணு ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு கூறு. குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்து, வேனிற்காலத்திலே பனி இளகி நீர் கசியத் தொடங்கும்போது இது விழித்துக்கொள்ளும். பனிப்பாசிகளுட் பல, இளமைப் பருவத்தில் பச்சை நிறத்தவாய், இரு நுண்ணிய சவுக்குகளால் உருகுநீரில் நீந்தி மேற்பரப்பை நாடும். அங்கே வெயில் கடுமையாகக் காயும்; பனியின் வெண்மையும் அவ்வெயிலைத் திருப்பி எறியும். அக்கொடுமையைத் தாங்கும்பொருட்டு, அவை சவுக்கைக் கழற்றி, தடித்த சுவரெழுப்பி, தம் பச்சையத்தின் மேலே ஒரு செந்நிறப் பொருளைப் போர்த்துக்கொள்ளும். அப்பொருளின் பெயர் அசுத்தாசாந்தின். வெயிலுக்குக் குடை பிடித்தல் என்று நம் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பனி அவ்விடங்களில் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதாலும், அதன் மணத்தாலும் மேனாட்டார் அதனை ‘வத்தகப்பழப் பனி’ என்று வழங்குகின்றனர். வன்னியிலே வத்தகைக் கொடி நட்டுப் பிழைப்பவர்க்கு இவ்வுவமை இனிக்கும்.

இந்த அசுத்தாசாந்தின் நமக்கு அந்நியமானது என்று எண்ணற்க. இறாலையும் நண்டையும் சட்டியிலிட்டு அவிக்கும்போது அவை சிவப்பதற்குக் காரணம் இதுவே. எங்கள் ஆச்சியின் தொட்டியிற் கண்ட செம்மணிகளின் நிறமும் இதுவே. நீர் வற்றத் தொடங்கியதும், இறவாதிருக்கும்பொருட்டு அப்பாசி செம்போர்வை போர்த்து உறங்கிவிட்டது. மாரி மழை பெய்து தொட்டி நிறைந்திருக்குமாயின் அது மீண்டும் பச்சையாகியிருக்கும். துருவத்திலே குளிருக்கும் வெயிலுக்கும் செய்யும் செயலைத் தர்மபுரத்திலே வறட்சிக்குச் செய்தது, அவ்வளவே வேறுபாடு.

இன்னும் ஓர் உறவு நமக்கு அண்மையில் உண்டு. போரினாலே கைவிடப்பட்டுக் கிடந்து மீண்டும் இயங்கத் தொடங்கிய ஆனையிறவு உப்பளத்தைப் பாருங்கள். உப்பு விளையும் தறுவாயிற் செறிந்த நீர் பாத்திகளில் இளஞ்சிவப்பாகத் தோன்றுவதை அவ்வழிச் செல்வோர் கவனித்திருப்பர். உலகத்து உப்பளங்கள் எங்கணும் இந்நிறத்துக்குக் காரணமாகும் உயிர்களுள் ஒன்று தூனலியெல்லா என்னும் பாசி. உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்களும் அதனோடு கூடும். பிரான்சின் தென்பகுதி உப்பளங்களில் இச்சிவப்பை 1838 இல் ஆராய்ந்த தூனல் என்பாரின் நினைவாக, 1905 இல் அப்பெயர் இடப்பட்டது. கரட்டுக் கிழங்குக்கு நிறந்தரும் பொருளே தூனலியெல்லாவுக்கும் நிறம் தருகின்றது.

இனி, வகைப்பாட்டின் நுட்பத்தைக் காண்போம். துருவப் பனியிலே சாங்குயினா, ஆச்சியின் தொட்டியிலே ஈமற்றோகொக்கசு, ஆனையிறவிலே தூனலியெல்லா. மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர். மூன்றும் பார்வைக்குச் சிவப்பு. எனினும் விஞ்ஞானம் இம்மூன்றையும் ‘பச்சைப் பாசி’ என்னும் பெரும் பிரிவினுள்ளேயே வைக்கிறது. ஏனெனில், செம்மை போர்வை, பச்சையம் உள்ளுடம்பு. போர்வையைக் கண்டு குலத்தைத் துணியலாகாது.

இதற்கு மறுதலையான ஓர் உதாரணமும் உண்டு. கிறீன்லாந்தின் பெரும் பனிப்படலத்தின்மேல், உறைபனி நீங்கிக் கட்டிப் பனி வெளித்தோன்றும் இடங்களிலே, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் வேறொரு பாசி படர்கின்றது. 1870 இல் அங்குப் பயணஞ்செய்த நோடன்சியெல்டு என்னும் சுவீடன் நாட்டாரின் பெயரை அது தாங்குகிறது. அன்சிலோனீமா என்பது அதன் சாதிப் பெயர். சாங்குயினாவும் அன்சிலோனீமாவும் ஒரே பனியூரில் அயல்வீட்டார். ஆயினும் அவை நெருங்கிய உறவினர் அல்ல. நம் குளத்திலே பச்சைநூல்போல வழுவழுத்துக் கிடக்கும் இழைப்பாசி உண்டன்றோ? பாடநூலார் இசுப்பைரோகைரா என்பரே, அதன் இனத்தது அன்சிலோனீமா. அவ்வினமோ, நிலத்திலே வளரும் எல்லாத் தாவரங்களுக்கும் மிக நெருங்கிய கிளை. அஃதாவது, கிறீன்லாந்துப் பனியிலுள்ள அன்சிலோனீமா, தன் பக்கத்திலே கிடக்கும் செம்பாசிக்கு உறவாவதிலும், நம் வயலின் நெல்லுக்கும் நம் பனைக்கும் நெருங்கிய உறவாகும்! அயலார் எல்லாம் உறவினர் அல்லர்; உறவினர் எல்லாம் அயலிலே இருப்பதுமில்லை. பிள்ளைகள் எட்டுத் திசையிலும் சிதறிய நம்மவர்க்கு இவ்வுண்மையை விளக்க வேறு உதாரணம் வேண்டா.

இவற்றைக் கற்கும்போது என் மனம் தொல்காப்பியத்தை நாடிற்று. தமிழர் உலகத்துப் பொருள்களை இரு வழியால் வகுத்தனர். ஒன்று திணை: நிலமும் பொழுதும், அந்நிலத்தில் வாழும் மரம், புள், விலங்கு, நீர் ஆகிய கருப்பொருள்களும் ஒருங்கு சேர்ந்தது. மற்றையது மரபு: உயிர்களை அவற்றின் அறிவு ஒன்றாகவும் இரண்டாகவும் ஆறு ஈறாகவும் எண்ணிப் பகுப்பது, புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிப்பது. பனையும் தெங்கும் புல்லின் பாற்படும் என்னும் இப்பகுப்பு, தோற்றத்தை விடுத்து உள்ளமைப்பை நோக்கியது. மேனாட்டார் இன்று இருவேறு துறைகளாகக் கற்பிக்கும் சூழலியலையும் வகைப்பாட்டியலையும், இவை ஒன்றோடொன்று குழம்பலாகாது என்னும் தெளிவோடு, நம் முன்னோர் வேறுவேறாகவே வைத்தனர். தொல்காப்பியர் நுணுக்குக்காட்டி கண்டார் என்று நான் கூற வரவில்லை. அப்படிக் கூறுவோர் தொல்காப்பியத்துக்கும் நன்மை செய்வதில்லை. விஞ்ஞானத்துக்கும் நன்மை செய்வதில்லை. பனிப்பாசியைத் திணையால் நோக்கினால் ஒரு கூட்டம், மரபால் நோக்கினால் வேறொரு கூட்டம் என்பதை நம் மாணாக்கனுக்கு உணர்த்த, அவன் முன்பே கற்ற இரு சொற்கள் உள்ளன என்பதே நான் கூறுவது.

துருவம் எத்திணை என்று ஒரு மாணவன் என்னை வினாவினான். ஐந்திணையுள் உறைபனி நிலம் இல்லை. ஆயினும், குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்பது நம் மரபு. நீர் கண்முன்னே மலையாகக் குவிந்திருந்தும் பருக ஒரு துளியில்லாத நிலம் துருவம். அதனைக் குளிர்ப்பாலை என்றேன். அப்பாலையில் நீர் இளகும் சில கிழமைகளுக்காகவே அந்தப் பாசி ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. பிரிவும் காத்திருத்தலும் பாலைக்கு உரியன அல்லவா?

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் இலங்கைப் பாடநூல்களில் ‘அல்கா’ என்ற சொல்லே வழங்குகிறது. 1950 களிலும் 1960 களிலும் அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலந்தொட்டு இந்நெறி நிலைத்தது. அத்தொகுதிகளை ஆக்கியோரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பவன் அல்லேன். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கும் வழியை நமக்குத் திறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னரே, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலை 1875 இல் தமிழில் வெளியிட்டார். ஆகவே, பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது பாவம் என்பது என் கொள்கையன்று. சாங்குயினாவையும் தூனலியெல்லாவையும் நான் இக்கட்டுரையிலேயே அப்படித்தான் எழுதினேன். ஒரு தனியுயிரின் பெயர் உலகுக்குப் பொதுவாக இருத்தலே முறை.

ஆனால், அல்கா என்பது தனியுயிரின் பெயரன்று, பெருங்கூட்டத்தின் பெயர். அச்சொல் எங்கிருந்து வந்தது? இலத்தீன் மொழியிலே கடற்கரையில் ஒதுங்கும் கடற்பாசிக்குப் பாமரமக்கள் வழங்கிய சொல் அது. அவ்வூர்ச் சொல்லையே அறிஞர் எடுத்து, குளத்துக்கும் பாறைக்கும் பனிக்கும் விரித்தனர். உரோமாபுரி மீனவன் சொல்லை விரிக்கலாம், முல்லைத்தீவு மீனவன் சொல்லை விரிக்கலாகாது என்பது என்ன நியாயம்? தமிழகத்தார் பாசி என்றே பாடநூல் எழுதுகின்றனர். அதனால் அவர்கள் விஞ்ஞானம் குறைந்துபோகவில்லை.

இதற்கு நண்பர் இருவகைத் தடை கூறுவர். முதலாவது தடை வலியது. “ஊரிலே பாசி என்பது கட்டுப்பாடற்ற சொல். நீருக்குள் வளரும் வேலம்பாசி, பூக்கும் தாவரம். மதிற்சுவரிற் படரும் பாசி, பாசிப்பன்னம் என்னும் வேறினம். எல்லாவற்றையும் பாசி என்றால் வகைப்பாடு என்ன ஆவது?” என்பர். உண்மை. இதனால் தீங்கும் விளையலாம். கோடையிலே குளத்து நீர்மேல் பச்சை மை கரைத்து ஊற்றினாற்போலப் படர்வது ஒன்று உண்டு. அதுவும் ஊரார்க்குப் பாசியே. ஆனால் அது பற்றீரியாவின் இனத்தது, நீலப்பச்சை என்பர். அவற்றுட் சில நஞ்சுடையன. அந்நீரைக் குடித்த கால்நடை இறத்தலும் உண்டு. ஆச்சியின் தொட்டிப் பாசிக்கு அஞ்சவேண்டியதில்லை. குளத்தின் அந்தப் பச்சைப் படலத்துக்கு அஞ்சவேண்டும். வயலில் இட்ட உரம் மழையோடு குளத்திற் சேரச்சேர அது பெருகும். இவ்வேறுபாட்டை அறியாத ஊர் தன் குளத்தைக் காக்கமாட்டாது.

ஆயின், ‘அல்கா’ என்ற சொல் இக்குழப்பத்தைத் தீர்த்ததா? இல்லை. அந்த நீலப்பச்சையையும் நூலார் நெடுங்காலம் அல்கா என்றே எழுதினர். அல்கா என்பதே ஒரு குலத்தின் பெயரன்று. பல குலத்தார் கூடிய சந்தையின் பெயர். குழப்பம் இரு சொல்லுக்கும் பொது எனின், பிள்ளைக்குத் தெரிந்த சொல்லை எடுத்து, அடைமொழியால் வரையறுப்பதே தக்கது. இழைப்பாசி, பனிப்பாசி, உப்புப்பாசி என்று பிரிக்கலாம். வேலம்பாசி பெயராற் பாசி, இனத்தாற் பூக்கும் தாவரம் என்று கூறி விலக்கலாம். நீலப்பச்சையோ பாசிபோல் தோன்றும் பற்றீரியா என்று எச்சரிக்கலாம். தெரிந்த சொல்லைத் திருத்துவதே கல்வி. தெரியாத சொல்லை மனனஞ் செய்வது பரீட்சைக்கு மட்டுமே உதவும்.

இரண்டாவது தடை இலக்கணத்தாரிடமிருந்து வருவது. “பாசி என்னும் சொல் பசுமையடியாற் பிறந்தது. செம்பாசி என்பது சிவந்த பச்சை என்றாகி முரண்படாதோ?” என்பர். இது கேட்டற்கு இனிய தடை, ஆனால் நில்லாது. பசுமை தமிழிலே நிறத்தை மட்டும் குறிப்பதன்று. பசும்பொன் என்கிறோம், பொன் பச்சையா? பச்சைப் பிள்ளை என்கிறோம். பிள்ளையின் நிறமா அது? தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் பொன்னிறமும் பசலையே. குறுந்தொகையிலே பரணர் அப்பசலைக்கு ஊருண் கேணியின் பாசியையே உவமை ஆக்கினார். தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் பரவும் இயல்பு இரண்டுக்கும் பொது. மேலும், திருவிழாக் கடைகளிலே சிவப்பு மணியையும் நீல மணியையும் பாசிமணி என்று வாங்கி நம் பெண்கள் அணியவில்லையா? வாடாமை, இளமை, உயிர்ப்பு ஆகிய இவையெல்லாம் பசுமையுள் அடங்கும். சிவந்த போர்வைக்குள்ளே உயிர் வாடாதிருக்கும் பாசிக்குப் பாசி என்னும் பெயரினும் பொருத்தமான பெயர் வேறு எது?

பனி என்னும் சொல்லிலே மட்டும் சிறிது கவனம் வேண்டும். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலிற் புல்லின் நுனியில் நிற்பது. ‘பனிப்பாசி’ என்றால் வன்னிப் பிள்ளை அதனையே எண்ணும். வெண்பனி எனலாமெனின், ‘சிவந்த வெண்பனி’ என்று எழுத நேர்ந்து நகைப்புக்கு இடமாகும். கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசும் என் பழைய மாணவர்களோ, “சினோ கொட்டுது சேர்” என்கின்றனர். உறைபனி என்பதே பழுதற்ற சொல்லாக எனக்குத் தோன்றுகிறது. பனிப்பாசி என்று சுருங்க வழங்கினும், முதன்முறை கற்பிக்கும்போது உறைபனிப்பாசி என்று விரித்துச் சொல்லுதல் நலம்.

“உறைபனியே காணாத தர்மபுரத்துப் பிள்ளைக்கு இவ்வளவும் எதற்கு?” என்று வினவுவோரும் உளர். அவர்களுக்கு இரு விடை கூறுவேன்.

ஒன்று: அந்தப் பாசி அங்கே செய்யும் செயல் இங்கேயும் எட்டும். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும்; செம்பனி வெயிலை விழுங்கும். வட துருவப் பகுதிகளிற் செம்பாசி படர்ந்த பனி, உருகும் பருவம் முழுவதையும் நோக்கினால், ஒளியைத் திருப்பும் ஆற்றலில் 13 சதவீதம் குன்றுகிறது என்று 2016 இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பனி உருகினால் பாசிக்கு நீர் பெருகும். பாசி பெருகினால் பனி மேலும் உருகும். தென்துருவத்தின் அந்தாட்டிக்காத் தீபகற்பத்திலே, செய்மதிப் படங்களின் துணையால் 1,679 இடங்களிற் பச்சைப் பனிப்பாசி படர்ந்திருப்பதை 2020 இல் பிரித்தானிய அறிஞர் கணக்கிட்டனர்; எல்லாவற்றினதும் பரப்பு 1.9 சதுர கிலோமீற்றர். பெரும்பாலானவை பென்குயின் கூட்டங்களுக்கு அண்மையில் உள்ளன. பறவையின் எச்சமே அப்பாசிக்கு உரம். நம் இமயத்தின் நேபாளப் பகுதியிலுள்ள யாலாப் பனியாற்றிலும் பாசிகள் ஆராயப்பட்டுள்ளன. நிலத்தின்மேல் நிற்கும் பனி உருகிக் கடலிற் சேர்ந்தால் கடல் உயரும். தாழ்ந்து கிடக்கும் நம் முல்லைத்தீவுக் கரைக்கும் சுண்டிக்குளத்துக்கும் அது பிறர் செய்தியன்று.

மற்றொன்று: சிவப்பு நீரும் சிவப்பு மழையும் நம் நாட்டுக்கும் வந்தவையே. 2001 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கேரளத்துக் கோட்டயத்திலே செம்மழை பெய்தபோது, வேற்றுலகத்து உயிரே வந்திறங்கிற்று என்று எழுதியவரும் உண்டு. அரசு பணித்த அறிஞர் ஆராய்ந்து, மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் திறென்றெபோலியா என்னும் பாசியின் வித்திகள் அவை என்று அவ்வாண்டே அறிவித்தனர். அதுவும் செந்நிறம் காட்டும் பச்சைப் பாசியே. 2012 நவம்பரில் நம் நாட்டின் மொனராகலை, பொலனறுவை மாவட்டங்களிற் செம்மழை பெய்ததும், நுண்ணுயிர் ஒன்றே காரணம் என்று கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்ததும் நினைவிருக்கலாம். அப்போதும் ஊரூராக எழுந்தது அச்சமே. போரை அறிந்த மக்களுக்கு வானத்திலிருந்து சிவப்பு வீழ்வது எத்தகைய செய்தி என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அச்சத்துக்கு மருந்து அறிவு என்பர். நான் அதனோடு ஒன்று சேர்த்துக் கூறுவேன்: அறிவு மருந்தாதற்கு, அது நோயாளியின் மொழியிலே வருதல் வேண்டும். எங்கள் ஆச்சிக்கு ஈமற்றோகொக்கசு வேண்டியதில்லை. அவர் பேர்த்திக்கு வேண்டும். ஆனால் பேர்த்தி அந்தப் பெயரை அடையும் வழி, ஆச்சியின் பாசியினூடாகவே செல்லுதல் வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டு, பரீட்சைத் தாளில் அல்கா என்று எழுதவும், கிணற்றடியில் இரத்தம் என்று அஞ்சவும் ஒரே பிள்ளையைப் பழக்குவோமாயின், நாம் கற்பித்தது இரண்டு உலகங்களை. ஒரு கல்வியை அன்று.

ஆகவே, பாடநூல் எழுதுவோர்க்கு என் விண்ணப்பம் சிறியது. அல்கா என்ற சொல்லை நீக்குக என்று நான் கேட்கவில்லை. முதலிற் பாசி என்று எழுதி, அடுத்து அல்கா என்று எழுதுங்கள். உதாரணங்களை ஆனையிறவிலிருந்தும் எங்கள் குளங்களிலிருந்தும் தொடங்கி, துருவத்திற் கொண்டுபோய் முடியுங்கள். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே நுணுக்குக்காட்டியின் முன் நில்லுங்கள். முப்பது ஆண்டு தாமதித்து நின்றவன் என்ற முறையிலே இதனைச் சொல்லுகிறேன்.

சென்ற கிழமை அந்தச் சிறுமி மீண்டும் வந்தாள். கையிலே அதே பேணி. இம்முறை அதில் ஒன்றும் சிவந்திருக்கவில்லை. மழைநீர் மட்டும் பேணியின் பாதியளவு நின்றது. “என்ன பிள்ளை இது?” என்றேன்.

“பேணியிலை ஒட்டியிருந்ததைக் கழுவாமல் வைச்சிருந்தனான், சேர். இப்ப தண்ணி விட்டனான். பச்சையா வருதோ எண்டு பாப்பம்” என்றாள்.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.